இரண்டாம் மாதிரி

பரந்தாமன் கொண்டுவந்து நீட்டிய படத்தைப் பார்த்ததும் ஜோசப்ராஜ் முகத்தைச் சுளித்தான். படத்தில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அழகான படம். ட்ரேசிங் துணியில் மயிரிழைக் கோடுகள், மணிமணியான எழுத்து, எங்கேயும் ஒரு மசிப்பொட்டுக் கிடையாது. கூரைச் சட்டம் தூணின் தலையில் உட்காரும் இடத்தில், போன தடவை இல்லாத ஓர் இரும்புப் பட்டை இந்தத் தடவை இருந்தது. சட்டத்துக்கு மேலே வளைந்து இறங்கி, தூணை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து, போல்ட்டு போட்டு நின்றது. அதுவும் சரிதான். அவனை உறுத்தியது மூலையில் இருந்த எழுத்து. 'இரண்டாம் மாதிரி' என்று இங்கிலீஷில் கொட்டையாகப் போட்டிருந்தது.

"இது திருத்தந்தானே சார்?" என்றான் ஜோசப்ராஜ்.

"இல்லப்பா. இது வேற மாதிரி. முதல் மாதிரியும் இருக்கும், இதுவும் இருக்கும்" என்றார் பரந்தாமன். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அந்த ஆபீஸில் பரந்தாமன் ஹெட் டிராப்ட்ஸ்மேன். ஜோசப்ராஜ் பிரிண்ட் ரூமுக்குப் பொறுப்பு. யுத்தத்துக்காக ஆவடியில் சர்க்கார் நிலத்தை வளைத்துப் போட்டு, ஏரியை ஒட்டிய பொட்டலில் ஷெட் ஷெட்டாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கட்டும் வேலையில் ஒரு பங்கைப் பட்டணத்துக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. படம் வரைவதும் அவர்களே. வரைந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மருந்துத்தாளோடு சேர்த்துப் பூட்டி, வெயிலில் காட்டி, தொட்டித் தண்ணீரில் அலசி, நீலப்பிரதி எடுத்து மேஸ்திரிகளுக்குக் கொடுப்பது ஜோசப்ராஜின் வேலை. நாளெல்லாம் தொட்டியில் கைவைத்து அவன் நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். சோறு பிசையும்போது அவனுக்கே பார்க்கச் சகிக்காது.

கொடுப்பது பாதி வேலைதான். திரும்ப வாங்குவது மீதிப் பாதி. படத்தில் ஒரு பிழை தெரிந்து திருத்தினால், அந்த நிமிஷமே பழைய படம் செத்துப் போனது என்று அர்த்தம். மேஸ்திரிகள் கையில் இருக்கிற பழைய பிரதி அத்தனையும் திரும்பி வரவேண்டும். வந்ததைக் குறுக்கே கிழித்து அடுப்பில் போட்ட பிறகுதான் புதிய பிரதியைக் கொடுப்பான். பழசு வராமல் புதுசு போகாது. பிறாண்டினாலும் கத்தினாலும் போகாது. மேஸ்திரிகள் அவனைக் கஞ்சன், கழுத்தறுப்பு என்றெல்லாம் திட்டுவார்கள். திட்டட்டும் என்று இருப்பான்.

மாதிரி என்பது அப்படியில்லை. செங்கல் சுவருக்கு ஒரு மாதிரி, மரத் தூணுக்கு ஒரு மாதிரி என்று இருக்கும். இரண்டும் சரி, இரண்டும் உயிரோடு இருக்கலாம், இடத்துக்குத் தக்கதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, திருத்தம் என்று சொன்னால் முன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டாயிற்று. மாதிரி என்று சொன்னால் யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த வித்தியாசம் ஆபீஸில் பென்சில் சீவுகிறவன் வரைக்கும் தெரியும். பரந்தாமனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தார். சட்டத்தைத் தூணோடு சேர்த்துப் பிடிக்கப் பட்டை வரைய மறந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். மனுஷன் மறப்பான். மறந்ததை மாதிரி என்று பேர் வைத்துப் பொட்டிட்டுப் பூச்சூட்டி அனுப்பியதுதான் ஜோசப்ராஜுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் புதிதாக வந்த எஞ்சினீயர் துரை. நல்ல மனுஷன் என்றுதான் பேர். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் படத்தைப் பார்க்கமாட்டான், கீழ் மூலையில் இருக்கும் திருத்தக் கட்டத்தைத்தான் பார்ப்பான். எப்போது திருத்தியது, ஏன் திருத்தியது, யார் திருத்தியது என்று எழுதும் கட்டம் அது. அதில் எழுத்து இருந்தால் உதட்டைப் பிதுக்கி, "எந்தத் தூங்குமூஞ்சி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். கட்டம் காலியாக இருந்தால் தோளைத் தட்டுவான். அந்த வருஷக் கடைசியில் உதவி எஞ்சினீயர் வேலை ஒன்று காலியாகப் போவதாகப் பேச்சு. அப்புறம் கேட்கவேண்டுமா? ஆபீஸில் ஒருவருக்கும் தப்பே வராமல் போயிற்று. தப்பு வந்த இடத்திலெல்லாம் மாதிரி முளைத்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மூன்று மாதிரி. கக்கூசுக்கு ஐந்து மாதிரி. ஐந்து விதமாக உட்காருகிற ஜனம் எந்தச் சீமையில் இருக்கிறது என்று ஜோசப்ராஜ் தொட்டியைப் பார்த்துத் தனியாகக் கேட்டுக்கொள்வான்.

கக்கூசோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் பட்டை இல்லாத முதல் மாதிரிப்படி ஒரு ஷெட் ஏற்கெனவே கட்டி முடித்தாயிற்று. கூடாரம் தைக்கிற ஷெட். அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைக்கிற பெண்களில் ஒருத்தி அவன் மகள் ஜெயசீலி.

இரண்டாம் மாதிரியின் பிரதிகள் போன மறுநாள் நடுப்பகலில், வேறு பிரதி கொடுக்கிற சாக்கில் அவன் அந்த ஷெட்டுக்குப் போனான். நாலு பக்கமும் திறந்த நீளமான கொட்டகை. கித்தான் துணி மலைமலையாகக் குவிந்திருந்தது. புதுக் கித்தானின் எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மேலே தகரக் கூரை படபடவென்று எழும்பி அடங்கியது. தகரம் எழும்பினால் பரவாயில்லை. தகரத்தோடு சேர்ந்து கூரைச் சட்டக் கட்டையும் தூணைவிட்டு ஒரு நூல் அளவு எழும்பி உட்கார்ந்ததை அவன் கண்ணால் பார்த்தான்.

"காத்து அடிச்சா இப்டித்தான் நைனா, எய்ந்து எய்ந்து குந்துது" என்றாள் ஜெயசீலி, ஊசியை நிறுத்தாமல். "எங்களுக்குப் பயகிப்போச்சு. முதல்ல தான் பயமா இருந்துது."

பழகிப்போச்சு என்று அவள் சொன்னதுதான் அவனை உலுக்கியது. அங்கிருந்து நேரே மேஸ்திரி வேம்புலியிடம் போனான். வேம்புலி திருமுல்லைவாயில்காரன், ஜோசப்ராஜ் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெரு. கூரை வேலையெல்லாம் அவன் கையில்தான்.

"அண்ணாத்தே, நீ குட்த்தது ரெண்டு படம்" என்றான் வேம்புலி. "ஒண்ணுல பட்டை கீது, ஒண்ணுல இல்ல. ரெண்டுலயும் துரை கையெய்த்து கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

"ரெண்டாவதுல வெட்டவெளிக்குன்னு போட்டுகீதே. இது வெட்டவெளி இல்லியா?"

"முதல்ல மறைவான எடத்துக்குன்னு இப்ப எய்தி ஒட்டிட்டாங்கோ. அதோ பாரு, வேப்பமரம். அது மறைவுதான்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கோ."

ஜோசப்ராஜ் திரும்பிப் பார்த்தான். பொட்டலில் தன்னந்தனியாக ஓர் இளம் வேப்பமரம் நின்றது. ஆடு கடித்த மரம். அதன் மறைவில் அந்த ஆடுகூட நிற்க முடியாது.

"அந்த முதல் படம் தப்பு வேம்புலி. பட்டைய மறந்துட்டாங்கோ."

"எனக்குத் தெரியாதா? கட்டும்போதே இன்னாடா இது, தலையில கூடைய வெச்சா மாதிரி வெச்சுட்டுப் போறமேன்னு நெனச்சேன். ஆனா இந்த ஷெட்டு முதல் மாதிரில ஆரம்பிச்சுது. அதுக்குண்டான இரும்பு குட்த்தாச்சுன்னு ஸ்டோர்ல கைய விரிக்கிறான். யுத்த காலத்துல ஆணி ஒண்ணுகூட சும்மா வராது. முதல் படம் தப்புன்னு திருத்தம் போட்டு ஒரு தாள் குடு, இன்னிக்கே ஏணி வெச்சு பட்டை அடிக்கிறேன். நான் இன்னா கொலகாரனா? என் தங்கச்சி பூங்காவனமும் அங்கதான் குந்திகினு தைக்கிது."

அதற்குமேல் அவனை என்ன சொல்வது? தப்பு என்று ஒருவரும் எழுதித்தராத ஒன்றை வேம்புலி எப்படித் திருத்துவான்? ஜோசப்ராஜ் திரும்பி ஆபீஸுக்கு நடந்தான். ஐப்பசி பிறந்து வானம் கிழக்கே கருக்கத் தொடங்கியிருந்தது.

பரந்தாமன் அப்போதுதான் தயிர்ச்சோறு சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்திருந்தார். ஜோசப்ராஜ் எல்லாவற்றையும் சொன்னான். கட்டை எழும்பியதை, மகள் உட்கார்ந்திருக்கும் இடத்தை, ஸ்டோரில் கையை விரித்ததை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். காம்பைக் கிள்ளிப் போட்டார். சுண்ணாம்பைத் தடவினார்.

"திருத்தம்னு போட்டா காரணம் எழுதணுமேப்பா. என்ன எழுதறது? மறந்துட்டேன்னா?"

"ஆமா சார். அதான நடந்தது?"

பரந்தாமன் சிரித்தார். கோபித்திருந்தால் ஜோசப்ராஜ் தாங்கியிருப்பான். குழந்தை ஏதோ கேட்டுவிட்டது போலச் சிரித்தார். "இருபது வருஷமா என் படத்துல ஒரு திருத்தம் கிடையாது. துரையே சொல்லியிருக்கார். இப்போ போய் இதை எழுதினா என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி. ஆனா உன் பொண்ணு அங்க உக்காந்திருக்குன்னு சொல்றே. நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான். ஒண்ணு பண்ணலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். பழைய ட்ரேசிங்கில் பட்டையை இப்போது வரைந்துவிடலாம். முதலிலிருந்தே அது அங்கே இருந்ததாக ஆகிவிடும். பிரிண்ட் ரூமில் வெயிலில் அதிக நேரம் காட்டிவிட்டதால் அந்தக் கோடுகள் பிரதியில் விழாமல் போய்விட்டன என்று ஒரு தனித்தாளில் ஜோசப்ராஜ் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பான பிரதிகள் அத்தனையும் திரும்பி வரும், சரியான பிரதி போகும், ஸ்டோரில் இரும்பு கொடுப்பான், பட்டை ஏறும். படத்தில் திருத்தம் என்று ஒன்றும் இருக்காது.

"எல்லாக் கோடும் விழுந்திருக்கு சார்" என்றான் ஜோசப்ராஜ். "வெயிலுக்குப் பட்டைமேல மட்டும் இன்னா கோவம்?"

"அதையெல்லாம் துரை பார்க்கமாட்டார்" என்றார் பரந்தாமன், வெற்றிலையை வாய்க்குள் தள்ளியபடி.

பார்க்கமாட்டார் என்பது நிஜம். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. ஜோசப்ராஜ் எழுந்து வந்துவிட்டான். அந்த மத்தியானம் முழுக்க அவன் தொட்டியில் அலசிய ஒவ்வொரு பிரதியிலும் வெள்ளைக்கோடு பளிச்சென்று வந்தது. அவன் கை தவறியதில்லை. எந்தத் தாளை எத்தனை நேரம் வெயிலில் வைக்கவேண்டும் என்று வானத்தைப் பார்த்தே சொல்வான். அந்தப் பேரைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

வீட்டில் மனைவி ஞானகுமாரியிடம் சொன்னபோது அவள் கொதித்தாள். "தப்பு பண்ணது அந்தாளு, பேரு உன்னுதா? அவரு பண்ண அசிங்கத்த உன் கையால வாரணுமா? போடாத. சொல்லிட்டேன், போடாத." அடுப்பில் பானையைக் கிளறிக்கொண்டே வைதாள். அப்போது காற்று கிளம்பி அவர்கள் வீட்டுக் கூரை ஓடுகளை ஒரு தட்டுத் தட்டியது. அவள் கை நின்றது. ஜெயசீலி மூலையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "இன்னா?" என்றாள்.

"போட்டுடுய்யா" என்றாள் ஞானகுமாரி மெதுவாக.

மறுநாள் காலையில் ஜோசப்ராஜ் கையெழுத்துப் போட்டான். பரந்தாமன் மசி உலரத் தாளை ஊதினார். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பழைய பிரதிகள் வந்தன, அவன் கிழித்துக் கொளுத்தினான். ஸ்டோரில் இரும்பு தந்தான். வேம்புலி வாக்குத் தவறாமல் அன்றைக்கே ஏணி வைத்து, ஷெட்டின் ஒவ்வொரு தூணிலும் பட்டையை ஏற்றி போல்ட்டை முடுக்கினான். ஜோசப்ராஜ் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். கடைசி போல்ட்டு இறுகியபோது அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, ஆத்திரமா என்று அவனுக்கே புரியவில்லை. இரண்டுந்தான்.

ஆபீஸ் பலகையில் அவன் பேரைப் போட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். பிரிண்ட் ரூம் பொறுப்பாளரின் கவனக்குறைவால் உயிருக்கு ஆபத்தான பிழை நேர இருந்ததாகவும், ஹெட் டிராப்ட்ஸ்மேனின் விழிப்பால் அது தவிர்க்கப்பட்டதாகவும் அதில் கண்டிருந்தது. துரை அவனை வேலையைவிட்டு நீக்கத்தான் சொன்னானாம். பரந்தாமன்தான் கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாற்றினாராம். அதைப் பரந்தாமனே அவனிடம் சொன்னார். சொல்லிவிட்டு எதற்கோ காத்திருந்தார். அவன் நன்றி சொல்லவேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது புரிய ஜோசப்ராஜுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சொன்னான். சொன்ன வாயைத் தொட்டித் தண்ணீரில் கொப்பளிக்கத் தோன்றியது.

ஆபீஸில் எல்லோருக்கும் நடந்தது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரிடமும் ஆளுக்கு இரண்டு மூன்று மாதிரி இருந்தன. கிளார்க் தங்கவேல் மட்டும் தோளில் கைபோட்டு, "உனக்கு இன்னா நைனா கொறஞ்சு போச்சு? வேலை போவலியே" என்றான். ஆறுதல் சொல்கிறானாம்.

ஷெட்டில் இன்னும் மோசம். "இவ அப்பன் வெயில்ல தூங்கிட்டானாம்டி, நம்ம தலைமேல கூரை வுய்ந்திருக்கும்" என்று பெண்கள் ஜெயசீலியின் காதுபடப் பேசினார்கள். வேம்புலியின் தங்கை பூங்காவனம் அவள் பக்கத்தில் உட்காராமல் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வேம்புலிக்கு உண்மை தெரியும். தங்கையிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கும் அடுத்த வேலை அந்தக் கம்பெனியில்தானே ஆகவேண்டும்.

"நான் சொல்லிடட்டா நைனா? யாரு மறந்தாங்கன்னு?" என்று கேட்டாள் ஜெயசீலி. கண் சிவந்திருந்தது.

"வேணாம். சொன்னா பட்டைய மறுபடி கயட்டுவாங்களோ இன்னாவோ" என்றான் அவன். விளையாட்டுக்குச் சொன்னதுபோல் சொன்னான். அவர்கள் செய்தாலும் செய்வார்கள் என்று உள்ளூர நம்பினான்.

அந்த வாரமே புயல் அடித்தது. காலையில் தொடங்கி ஒரு பகல் முழுக்க ஏரிமேல் எழும்பி வந்து பொட்டலை அறைந்தது. வேலையை நிறுத்தி யாரையும் வெளியே விடவில்லை. ஜோசப்ராஜ் பிரிண்ட் ரூம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடார ஷெட் இருந்த திசையையே பார்த்தபடி நின்றான். மழைத்திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் பாதி பாதியாக வாயில் வந்தது. சாயந்திரம் காற்று ஓய்ந்ததும் முழங்கால் தண்ணீரில் விழுந்தடித்து ஓடினான். அந்த வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஷெட் நின்றது. தகரம் இரண்டொன்று சுருண்டிருந்ததே தவிர ஒரு கட்டை அசையவில்லை. உள்ளே பெண்கள் கித்தானைப் போர்த்திக்கொண்டு கோழிக்குஞ்சுகளாக ஒடுங்கியிருந்தார்கள். ஜெயசீலி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

போதும் என்று நினைத்தான் ஜோசப்ராஜ். பேர் போனால் போகட்டும். என் பொண்ணு இருக்கிறாள். அந்த ஒரு சாயந்திரம் அவன் மனசு சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, மதியம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு குடை வந்து நின்றது. பரந்தாமன். அதுவரை அவர் அந்தத் தெருப்பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. கக்கத்தில் எண்ணெய்த்துணி சுற்றிய ஒரு படச்சுருள். ஞானகுமாரி பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். ஜெயசீலி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"புயல்ல ஷெட் நின்னதைப் பார்த்தியா? நல்ல வேலை செஞ்சோம்" என்றார் அவர். செஞ்சோம் என்றார். பிறகு சுருளைப் பெஞ்சின்மேல் விரித்தார். பெரிய இடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். புயலுக்குப் பிறகு எல்லாப் படத்தையும் கேட்பார்களாம். மாதிரிகள் கொஞ்சம் அதிகமாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஏன் இத்தனை மாதிரி என்று கேட்டால் சொல்லப் பதிலில்லை. ஆகவே ஆபீஸில் எல்லோரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

"எல்லாத்தையும் பிரிண்ட் ரூம் பிழைன்னு காட்டிடலாம். ஒவ்வொண்ணுக்கும் தாள் எழுதியே கொண்டுவந்துட்டேன். நீ கையெழுத்துப் போட்டாப் போதும், அன்னிக்குப் போலவே எல்லாத்தையும் சரிபண்ணிடலாம். உன் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இனிமே எத்தனை இருந்தா என்னப்பா?"

ஜோசப்ராஜ் மேலே கிடந்த படத்தைப் பார்த்தான். அந்தப் படப்படியே புதிதாகக் கட்டி முடித்திருந்த ஒரு நீள ஷெட். ஏரி மண்ணில் நிற்கும் தூண்களுக்கு அடியில் கான்கிரீட்டே காட்டவில்லை. பக்கத்தில் அதன் இரண்டாம் மாதிரி, கான்கிரீட்டோடு. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எச்சில் இலையை வீட்டுக்குள் கொண்டுவந்து விரித்ததுபோல் இருந்தது.

"எய்ந்துக்கோங்க சார்" என்றான். படத்தை அவர் பக்கம் தள்ளினான். "எல்லாரும் பேண்டு வெச்சதுக்கு நான் ஒர்த்தன் கால் கய்வணுமா? மறந்தேன்னு ஒரு வார்த்த எய்த உங்களுக்கு எல்லாம் கை வெளங்கலியா? போடமாட்டேன். அவங்கவங்க கையெய்த்த அவங்கவங்க போடுங்கோ."

பரந்தாமனுக்குக் கோபமே வரவில்லை. காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "சரிப்பா. இஷ்டமில்லைன்னா வேணாம். எல்லாம் மாதிரியாவே இருந்துட்டுப் போகட்டும். அதுக்கும் ஏதாவது பதில் சொல்லிக்கலாம்" என்று சுருளைச் சுருட்டி எண்ணெய்த்துணியில் பொதிந்தார். குடையை விரித்து இறங்கிப் போனார்.

ஞானகுமாரி, "இப்பதான்யா நீ ஆம்பள" என்றாள். ஜோசப்ராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது.

டம்ளரை எடுக்க வந்த ஜெயசீலி அப்படியே நின்றாள்.

"நைனா, மேல கெடந்துச்சே ஒரு படம். நீளமா, நடுவுல ரெண்டு வாசல் வெச்சு. அது ஏரிக்கரை ஓரமா கட்னாங்களே, அந்தப் புது ஷெட்டுதானே?"

"ஆமா. ஏன்?"

"நாளையிலேர்ந்து எங்கள அங்க மாத்துறாங்கோ. தைக்கிற ஆளு ஜாஸ்தியாயிட்டாங்கன்னு." அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அதுல இன்னா நைனா இல்ல?"

அவன் செருப்பைக்கூடத் தேடாமல் மழையில் இறங்கி ஓடினான். தெருமுனை தாண்டி, குளக்கரை தாண்டி, ரயில் பாதைக்குப் போகும் வழியில் கறுப்புக் குடை அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாத நடை.

"சார்! சார்!"

பரந்தாமன் நின்று திரும்பினார்.

"குடுங்க சார். போட்றேன். அந்தப் புது ஷெட்டு மட்டும் குடுங்க."

"ஒண்ணு மட்டும் போட்டா நல்லா இருக்காதேப்பா" என்றார் அவர், வருத்தப்படுகிறவர்போல. "பிரிண்ட் ரூமே சரியில்லைன்னு இருந்தாத்தான் கேள்வி வராது. போட்டா எல்லாத்திலயும் போடு. இல்லன்னா விட்டுடு."

மழைத்தண்ணீர் ஜோசப்ராஜின் கண்ணில் வழிந்தது. அந்த மற்ற படங்களின் கூரைகளுக்கும் தொட்டிகளுக்கும் கீழே யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜெயசீலி வாய் திறந்திராவிட்டால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். அத்தனை தப்பும் மாதிரியாகவே நின்றிருக்கும், அவனும் சாயந்திரம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். அது அந்த இடத்திலேயே அவனுக்கு உறைத்தது. பரந்தாமன்மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

"எல்லாத்திலயும் போட்றேன் சார். தயவுபண்ணி குடுங்க சார்."

அங்கே ஓடைக்குமேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. பரந்தாமன் அதன் கைப்பிடிச் சுவரில் எண்ணெய்த்துணியை விரித்துத் தாள்களை வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். குடையைத் தாள்களுக்கு நேராகப் பிடித்தார். ஜோசப்ராஜ் குடைக்கு வெளியே குனிந்து நின்று ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டான்.

"பார்த்துப்பா, உன் தலையிலேர்ந்து சொட்டுது. மசி கலைஞ்சா மறுபடி எழுதணும்" என்றார் பரந்தாமன்.

"சரிங்க சார்" என்று ஜோசப்ராஜ் இடதுகையால் தலையைத் துடைத்துக்கொண்டு, தாளில் ஒரு துளியும் விழாதபடி தள்ளி நின்று கையை எட்டி நீட்டி, அடுத்ததில் தன் பேரை எழுதினான்.